ரேடியோவில் சொல்லாத கப்பல்

போன மழைக்காலத்தில் ஒரு காலை, என் மகன் போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, கப்பல் கேன்சல். மெசேஜ் வந்திருக்கு. பையைப் பிரிச்சு வச்சிரு" என்றான். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். எனக்கு இருப்பது ஒரே கண். அதிலும் புரை விழுந்து, எதிரே வருவது ஆளா மாடா என்று தடுமாறும் நிலை. நான் பையைப் பிரிக்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு கண் எப்படிப் போனது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு அது கதை.

எழுபதுகளில், போர்ட் பிளேருக்குக் கப்பலில்தான் போக வேண்டிய இந்த ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் போட்டபோது, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு நானும் என் வீட்டுக்காரரும் கூலி வேலைக்கு வந்தோம். வரிசையாகத் தகரக் கூரை போட்ட லயன் வீடுகள். இந்தப் பக்கம் ராஞ்சிக்காரர்கள், எதிரே பெங்காலிக் குடும்பம், கோடியில் தெலுங்குக்காரர்கள். எல்லோரும் ஓட்டை ஹிந்தியில்தான் சண்டையே போடுவோம். ஆனால் ஒன்றை மட்டும் யாரும் தப்பாகச் சொன்னதில்லை: "ஜஹாஸ் ஆயா!" கப்பல் வந்துவிட்டது என்று முதலில் பார்த்தவர் கடலோரத்திலிருந்து கத்துவார். அது காதில் விழுந்தவர் அடுத்த லயனுக்குக் கத்துவார். உலையில் அரிசி கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு நாங்களும் கத்துவோம். கேட்டும் கத்தாமல் இருந்தவரை யாரும் சும்மா விட்டதில்லை. கப்பல் தள்ளித்தான் நங்கூரம் போடும், டிங்கிப் படகில் போய் ஏற வேண்டும். நோயாளி இருந்தால் முதல் டிங்கி அவருக்கு. இதற்கு யாரும் சட்டம் போடவில்லை.

பிறகு எங்கள் தோட்டத்து மேஸ்திரி ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கினார். தோல் உறை போட்டு, வாசலில் ஆணியடித்து மாட்டி, பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது என்று காவலுக்கு நின்றார். பாட்டு வரும், செய்தி வரும், எந்தக் கப்பல் எப்போது கிளம்பும் என்பதும் வரும். எனக்கும் முதலில் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்ச நாளிலேயே கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஆணியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பழக்கத்தில் யாராவது கத்தினால், "ரேடியோவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ?" என்று சிரித்தார்கள். கத்தினவர் அசடு வழிந்து போய்விடுவார். அப்படியே அந்தக் கூவல் நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு முள் குத்தியது. எண்ணெய்ப்பனை மட்டையின் ஓரமெல்லாம் முள். வெட்டிய மட்டையை இழுத்தபோது அது துள்ளி என் இடது கண்ணில் அடித்தது. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மருந்து போட்டு, கண் அசையக்கூடாது என்று இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார். "இங்க ஒண்ணும் பண்ண முடியாது. கிடைக்கிற முதல் கப்பல்ல போர்ட் பிளேர் கொண்டு போயிருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

மறுநாள் காலை ரேடியோ, கடல் சரியில்லாததால் ஹட் பே கப்பல் ரத்து என்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு பாயில் கிடந்தேன். மத்தியானம் காற்று அடங்கியது. அப்போது தூரத்தில் ஒரு சங்கு ஊதியது, நீளமாக.

"கப்பல் ஊதுது" என்றேன்.

"கப்பல் கேன்சல்னு காலையிலயே சொல்லிட்டான். அது கல் குவாரி சங்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுபடியும் ஊதியது. "ஐயோ, கப்பல்தாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்று கெஞ்சினேன். அவர் எழுந்து போனார். கடலுக்கு இல்லை, மேஸ்திரி வீட்டுக்கு. மேஸ்திரி குரல் எனக்கு நன்றாகக் கேட்டது: "வலியில உளறுதுய்யா. அடுத்த நியூஸ்ல கப்பல் உண்டான்னு கேட்டுட்டுப் போகலாம்." ஆம்பளைகள் அத்தனை பேரும் முழித்த கண்ணோடு ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கண் கட்டிக் கிடந்தவளுக்குத்தான் கப்பல் வந்தது தெரிந்தது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பொழுது சாய, லயனுக்கு ஒரு வாத்தியார் பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். "எதுல வந்தீங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

"கப்பல்ல. நிக்கோபார்லேருந்து போர்ட் பிளேருக்குத் திரும்புற கப்பல். ஒரே ஒரு டிங்கிதான் வந்துச்சு. எவ்வளவு நேரம் ஊதியும் வேற ஆளையே காணோம், கிளம்பிட்டாங்க."

மேஸ்திரி என்ன சொன்னார் தெரியுமா? "ரேடியோவுல சொல்லவே இல்லையே!" வாத்தியார் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட எதிரே நிற்கிறார், அவரிடம் இப்படிச் சொல்கிறார்.

ரேடியோ பொய் சொல்லவில்லை. அது தனக்குத் தெரிந்த கப்பலைத்தான் சொன்னது. கடலைப் போய்ப் பார்க்காதே என்று அது யாரையும் தடுக்கவில்லை. அதனால்தான் அந்தப் பெட்டிமேல் வராத கோபம் இந்த மனிதர்கள்மேல் வருகிறது. அடுத்த கப்பல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது கண் சீழ் பிடித்திருந்தது. "முன்னாடியே வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்று சொல்லி டாக்டர் அதை எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் சாகும்வரை என் இடது பக்கம் வந்து உட்கார்ந்ததே இல்லை. அவரை நான் மன்னிக்கவும் இல்லை.

ரேடியோவாவது ஓர் ஆணியில் தொங்கியது. இப்போது ஆளுக்கொன்று உள்ளங்கையிலேயே இருக்கிறது. மழையா என்று பார்க்க வாசலுக்கு வராமல் போனைத் தடவுகிறான் என் மகன். பாசமான பிள்ளைதான். எனக்கு மாத்திரை நேரத்தைக்கூட அதில்தான் போட்டு வைத்திருக்கிறான், அது கத்தினால் ஓடி வருவான். நான் கூப்பிட்டால், "இரும்மா."

கப்பல் கேன்சல் என்று சொன்ன அன்றும் அப்படித்தான் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முதல் நாள் ராத்திரி அடித்த காற்று விடிவதற்குள் நின்றிருந்தது. சங்கு ஊதியது. அவன் தலை நிமிரவில்லை. நான் பையை எடுத்தேன், டிக்கெட்டை முந்தானையில் முடிந்தேன், கொல்லைப்புறமாக இறங்கி, பழகிய பாதையில் சங்குச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இப்போது டிங்கி இல்லை, ஜெட்டித் துறையிலேயே கேன்சல் ஆன அதே கப்பல் நின்றது. பாதி ஜனம்தான் வந்திருந்தது. கப்பல் வாசலில் நின்றவன் டிக்கெட்டைப் பார்த்து, "ஜல்தி, அம்மா, ஜல்தி" என்று கைபிடித்து ஏற்றிவிட்டான்.

கப்பலின் கயிறு அவிழ்க்கும்போது மகன் போனில் கூப்பிட்டான்.

"எங்கம்மா போயிட்ட?"

"கப்பல்ல இருக்கேன்."

"எந்தக் கப்பல்? இதுல இன்னும் கேன்சல்னுதானம்மா காட்டுது" என்றான்.

"ஜன்னலைத் திறந்து பாருடா" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன்.