நல்வரவுப் பலகைச் சிப்பிகள்

திருவள்ளூரில் நான் வேலை பார்த்த கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்தைப் பாழாக்கியவன் நான்தான். கறையானும் இல்லை, மழை ஒழுக்கும் இல்லை. துறைத் தலைவராக இருந்துகொண்டு நானே செய்தேன்.

அருங்காட்சியகம் என்றால் ஆய்வகத்தை ஒட்டிய ஒரே அறை. ஒரு பக்கம் ஃபார்மலினில் பாம்புகளும் மீன்களும். மறுபக்கம் இழுப்பறைகள் நிறையத் தீப்பெட்டிகள். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் எளாவூருக்குக் கிழக்கே உள்ள உப்பங்கழிக்குப் போய் ஒரு சிப்பி எடுத்துவந்து, எடுத்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு தீப்பெட்டியில் வைத்துத் தர வேண்டும். செய்முறைத் தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு. கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் பெருகுவதற்கு முன்பே தொடங்கிய வழக்கம்.

கல்லூரியைத் தரம் பார்க்க மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றதும் அந்தத் தீப்பெட்டிகள் எனக்குக் குப்பையாகத் தெரிந்தன. ஆளுயரப் பலகை ஒன்று செய்யச் சொன்னேன். சிப்பிகளை வெளியே கொட்டி, பெரிது சிறிது என்று பிரித்து, பசை தடவி, ‘நல்வரவு’ என்று எழுத்தாக ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்தோம். பெட்டிகளும் சீட்டுகளும் கல்லூரிக்குப் பின்னால் எரிந்தன. நின்று பார்த்தேன். குழுவினர் பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஓய்வுபெறச் சில மாதங்கள் இருக்கும்போது ஓர் ஆய்வு மாணவி வந்தாள். கழிக்கரை ஊர்க்காரி. அப்பாவுக்கு இரும்பு ஆலையில் வேலை. அம்மா ஒரு காலத்தில் கழியில் மட்டிச் சிப்பி பொறுக்கிக் கறிக்கு விற்றவர். சிப்பி வளரும்போது தண்ணீரில் உள்ளதைத் தன் ஓட்டில் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொள்ளும். பழைய சிப்பியையும் புதிய சிப்பியையும் சோதித்தால், கழித் தண்ணீர் மாறியிருக்கிறதா என்று தெரியும். அவள் கேள்வி அதுதான்.

“எங்கம்மா ஃபேக்டரியாலதான் மட்டி போச்சுன்னுது சார். நீங்களே அள்ளி அள்ளித் தின்னு தீத்துட்டு ஃபேக்டரி மேல பழி போடாதீங்கன்னு எங்கப்பா சொல்றாரு. ஊட்ல தெனமும் இதே பேஜாருதான். உங்க காலேஜ்ல பழைய கலெக்‌ஷன் இருக்குன்னாங்க.”

பலகையைக் காட்டினேன். ஒரு சிப்பியை விரலால் தொட்டாள்.

“இதுல எது எந்த வருஷத்துது சார்?”

“தெரியாதும்மா.”

“எடம்?”

“அதுவும் தெரியாது. சீட்டையெல்லாம் எரிச்சிட்டேன்.”

அவள் திட்டியிருக்கலாம். “பரவால்ல சார், அழகாத்தான் செஞ்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். அந்த ‘அழகாத்தான்’ என்னை வீடுவரை விடவில்லை.

ஓய்வுபெற்றதும் பலகையைக் கேட்டு வாங்கி, அசிட்டோன் விட்டுச் சிப்பிகளைப் பிரித்தேன். பழைய மாணவர்களைத் தேடிப் போய்க் காட்டினேன். எல்லோரும் ஆசையாகப் பார்த்தார்கள். “இதான் சார் என்னோடது” என்று ஒரே சிப்பியை மூன்று பேர் எடுத்தார்கள். நினைவை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் படித்த ஒருவர், கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறார். பலகைக் கதையைச் சொன்னேன்; நான் கொண்டுபோனதை அவர் பார்க்கவே இல்லை. பீரோ மேலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார்.

“இன்னா சார், மறந்துட்டீங்களா? ஓரம் ஒடஞ்சிருக்கு, வேற எடுத்தாடான்னு மூஞ்சில அடிச்சாப்புல திருப்பிக் குடுத்தீங்களே. அதான் தப்பிச்சிது. இல்லாங்காட்டி இதுவும் உங்க நல்வரவுல குந்திக்கினு இருந்திருக்கும்.”

வயிறு குலுங்கச் சிரித்தார். சீட்டில் மை மங்கியிருந்தது. இடமும் தேதியும் படிக்க முடிந்தது.

அதை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோனேன். அதற்குள் அவள் ஆய்வேட்டை முடித்திருந்தாள். பழைய சிப்பி கிடைக்காததால் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டு, வேறொன்றை எழுதிப் பட்டம் வாங்கியிருந்தாள். பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ண வச்சி எதுவும் சொல்ல முடியாது சார். டெஸ்ட் பண்ணணும்னா இத அறுக்கணும். அறுத்தா இதுவும் போயிடும்.”

“ஊட்ல சண்டை?”

“அது நடந்துக்கினுதான் இருக்குது.”

சிப்பியை அவள் அறுக்கவில்லை. கல்லூரியில் கேட்டு, சீட்டோடு பழைய இழுப்பறையில் வைத்தோம். அந்த இழுப்பறையில் வேறு எதுவும் இல்லை. அவள்தான் சொன்னாள், பழசு போனது போகட்டும், இன்றைய சிப்பியாவது எடுத்து வைப்போம், பின்னால் யாராவது கேட்டு வருவார்கள் என்று. இப்போது மாதம் ஒரு ஞாயிறு கழிக்குப் போகிறோம். அவள் அம்மாவும் வருகிறார். சேற்றில் இறங்க என்னால் முடியாது. கரையில் உட்கார்ந்து சீட்டு எழுதுவது என் வேலை.

போன முறை அந்த அம்மா கொண்டுவந்ததில் பாதி உடைந்த சிப்பி ஒன்று இருந்தது. அதைத் தூக்கி எறியப் போனார். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

“இன்னா சார், ஒடஞ்சதப் போயி வாங்கறீங்க?”

“இருக்கட்டும்மா. எந்த எடத்துல கெடச்சுது, அத மட்டும் சொல்லுங்க.”