உறைமேல் எழுதியிருந்த 'பெரட்டு'

கருகிய சர்க்யூட் போர்டு வாசனையும் தேயிலைத் தூள் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எண்பதுகளில் ஹாலிஎல பக்கம் ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் அதை இழுத்த மூக்கு இது. இன்னும் முழுசாகத் தேறவில்லை...

அப்போது பதுளை டவுனில் ரேடியோ கடையில் எனக்கு வேலை. ஊவா மாகாணமே என் சால்டரிங் அயர்னை நம்பித்தான் மூச்சு விட்டது. இது என் சொந்தக் கணிப்பு.

கொழுந்தைக் காயவைக்கும் டிரையரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டு எரிந்துபோய், ஃபேக்டரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். செய்து கொடுத்த கொழும்புப் பட்டறையை எப்போதோ மூடிவிட்டார்கள். போர்டை அச்செடுக்கும் பிலிமை மட்டும் ஃபேக்டரிக்கு அனுப்பியிருந்தார்களாம். அது கிடைத்தால் புதுசாகச் செய்துவிடலாம்.

எலக்ட்ரீஷியன் கருப்பையா அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார். உள்ளே எலி தின்ற வரைபடம், டிரில் மெஷினுக்கான ஓட்டை போட்ட பேப்பர் டேப், ஓர் உறையில் ஒரே ஒரு பிலிம். உறைமேல் அவர் கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'பெரட்டு'.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதைத்தானே தோட்டத்தில் பெரட்டு என்பார்கள்? அதற்கு ஃபேக்டரிச் சங்கு ஊதும். ஆக, இது சங்கு மெஷினின் பிலிம்! வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எரியாமல் மிஞ்சிய போர்டு மூலையோடு ஒத்தே போகவில்லை.

டிரையர் பிலிம் எங்கே என்று கேட்டேன். எல்லாம் அதிலேதான் இருக்கிறது என்றார், ரொம்ப அமைதியாக. அந்த அமைதிதான் என்னை உறுத்தியது. பதுளையிலிருந்து வந்த எனக்குப் பேர் கிடைத்துவிடும் என்று ஒளித்துவைத்திருக்கிறார்... என் மூளை தீர்ப்பே எழுதிவிட்டது. ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் போட்டும் கொடுத்துவிட்டேன்.

டிரையர் ஓடாததால், மாடியில் வாட்டப் போட்ட கொழுந்து சிவந்து வீணாகிக்கொண்டிருந்த நேரம். தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடமே சொல்கிறேன் என்று டீமேக்கர் கிளம்பினார். துரை காதுக்குப் போனால் கருப்பையா அண்ணனுக்கு வேலை போகும். வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

வாசலிலேயே அவரை அண்ணன் மறித்தார்.

"அதான் பெரட்டுன்னு எழுதியிருக்கேனேங்க."

"அது சங்குக்கு உள்ளதுதானே?" என்றேன் நான்.

"சங்குக்கு எதுக்கு தம்பி பிலிமு? அதுக்கு ஒரு சுவிட்சுதான். போன தடவ போர்டு எரிஞ்சப்ப நேரா வச்சு அச்செடுத்து, போர்டு இடவலமா மாறிப்போச்சு. அதான் பிலிமப் பெரட்டிப் போடுன்னு எழுதினேன்."

புரட்டினேன். மூலைக்கு மூலை பொருந்தியது. டீமேக்கர் பார்த்த பார்வையில் நான் நாலு அங்குலம் குட்டையானேன். அது இன்றுவரை வளரவில்லை.

புது போர்டு போட்டு டிரையர் ஓடியதும் அண்ணன் எனக்கு ஒரு பிளேன்டீ நீட்டினார். வாங்கிக் குடித்தேனே தவிர, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்றும் பழைய போர்டு ஃபைல்களைத் தோண்டியெடுத்துக் கொடுக்கிற வேலைதான். மிரர் பண்ணவா என்று கம்ப்யூட்டரே கேட்கிறது. சந்தேகமாகத்தான் இருக்கும், ஆனாலும் ஆமாம் என்று தட்டுகிறேன்.

சேவ் பண்ணும்போது ஃபைல் பேரின் கடைசியில் மட்டும் 'பெரட்டு' என்று போட்டுவிடுவேன். ஆபீசில் யாருக்கும் அர்த்தம் தெரியாது. சொல்லவேண்டிய ஆளிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்...