விநாடிக்கு அறுபது படம்

அந்தக் கரோக்கே வேலையைப் பற்றி யாராவது கேட்டால் கதிரேசன் முதலில் ஒரு கொட்டாவி விடுவார். கேட்டவரை மதிக்காமல் அல்ல. ஐந்து மாதம் விட்டுப்போன தூக்கத்தை அவர் உடம்பு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வயது நாற்பத்தெட்டு. பெரியநாயக்கன்பாளையத்தில், பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் மேடைகளைச் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. பம்பு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதைத் திரையில் எண்ணாகக் காட்டும் புரோகிராம்களை எழுதுவது அவர் பொறுப்பு. அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் படித்தவர். அந்தப் படிப்பு அவருக்குச் சோறு போட்டது. கூடவே, எதைப் பார்த்தாலும் அதற்கு ஓர் எண் தேடுகிற வியாதியையும் கொடுத்தது. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட எத்தனை கிராம் என்று யோசிப்பார்.

அவர் மனைவி மெர்சி நேரெதிர். கோவையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் பதினெட்டு வருடம் நின்றவர். பச்சைச் சேலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக வந்தவரை ஊதாச் சேலையோடு, அதுவும் சந்தோஷமாக, அனுப்பிவைக்கிற வாய் அது. வீட்டிலும் அதே வாய்தான். கதிரேசன் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே இருந்து பேச்சு தொடங்கிவிடும். பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருபது வருடத்தில் அதிகம் நேர்ந்ததில்லை.

போன ஆடி மாதம் ஒரு காலையில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மெர்சி அப்படியே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது கால் நடந்தது, வலது கை பாதி வந்தது, பேச்சு வரவில்லை. "அது... அது..." என்பதைத் தாண்டி ஒரு சொல் கிடையாது. மற்றவர் பேசுவது எல்லாம் புரிந்தது; சொல்ல வேண்டியதும் கண்ணில் நின்றது; உதட்டுக்குத்தான் வரவில்லை. சில நாள் தலையில் அடித்துக்கொண்டு அழுவார். பீளமேட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் யுவஸ்ரீ சனிக்கிழமை வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறுவாள். மற்ற ஐந்து நாளும் அந்த வீட்டில் ஃபேன் சத்தம்தான். கதிரேசனால் அதைத் தாங்க முடியவில்லை. மெர்சி பேச வேண்டும், திட்டினாலும் சரி, அதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரம்ஷா என்ற பெண் ஒரு நாள் சொன்னாள்: "அண்ணா, சில பேருக்குப் பேச்சுப் போனாலும் பாட்டு மிச்சமிருக்கும். அக்காவுக்குத் தெரிஞ்ச பாட்டா வீட்ல போடுங்க. கூடவே பாடட்டும்."

கதிரேசன் அன்றைக்கே கரோக்கேயில் இறங்கிவிட்டார். பாட்டு ஓட ஓட வரிகள் திரையில் வர வேண்டும், பாட வேண்டிய எழுத்து நிறம் மாற வேண்டும். செல்போன் ஆப்களில் பாட்டுக்கு நடுவே சோப்பு விளம்பரம் வந்தது. தேடியதில் ஓர் இலவச மென்பொருள் கிடைத்தது. எழுதியவர்கள் அதை உலகத்துக்கே திறந்துவைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து திருத்தலாம். வீட்டில் தூசி படிந்து கிடந்த பழைய லேப்டாப்பில் அதை ஏற்றி டிவியோடு இணைத்தார். மெர்சிக்குத் தெரிந்த ஆலயப் பாட்டுகளும் பழைய சினிமாப் பாட்டுகளுமாகப் பதினாறை, ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் குறித்து, தானே உட்கார்ந்து தட்டினார்.

பாட்டு ஒழுங்காக ஓடியது. படம் ஓடவில்லை. பின்னணியில் போகும் வீடியோ விக்கி விக்கி நின்றது. நிறம் மாற வேண்டிய எழுத்து அப்படியே உறைந்துகிடந்து, இரண்டு விநாடி கழித்து மூன்று சொல்லைத் தாண்டிக் குதித்தது. திரையின் மூலையில் விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டும் எண்ணை அவர் போட்டுப் பார்த்தார். பதினொன்று. அறுபது வந்தால் எழுத்து துளியும் விக்காமல் ஓடும்.

மெர்சி சில இடத்தில் பாடினார், சில இடத்தில் திணறினார். திணறியதெல்லாம் திரையால்தான் என்று கதிரேசன் முடிவு கட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. மனைவியின் மூளைக்குள் அவரால் கையை விட முடியாது. லேப்டாப்புக்குள் விட முடியும்.

விட்டார். விடிகாலை நாலரைக்கு எழுந்து ஏழு மணி வரை, பிறகு கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை முழுக்க, ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க. மற்றவர் எழுதிய புரோகிராமைப் படிப்பது அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் கடுகு டப்பாவைத் தேடுவதுபோலத்தான். இரண்டு மாதத்தில் கடுகு கிடைத்தது. ஒரு வரியில் இருக்கும் அத்தனை எழுத்தையும், அதன் ஓரக்கோடு நிழல் சகிதம், அந்த மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் புதிது புதிதாக வரைந்துகொண்டிருந்தது. பின்னணி வீடியோவைத் திரை அளவுக்குப் பெரிதாக்கும் வேலையையும், அதற்கென்று இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தராமல் தானே இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருந்தது. வரியை ஒரே தடவை வரைந்து வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் நகர்த்தினால் போதும் என்று கதிரேசன் கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்ததைப் பிழையில்லாமல் எழுதி முடித்து, மென்பொருள்காரர்களை ஏற்க வைப்பது அதைவிடப் பெரிய பாடு. அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் ஏதோ ஒரு தூரதேசத்துக்காரர். ரொம்ப மரியாதையான மனிதர். அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. நன்றி, இதை ஏழு துண்டாகப் பிரித்து அனுப்ப முடியுமா என்று எழுதுவார். நன்றி, வேறு இரண்டு கம்ப்யூட்டரில் சோதித்தீர்களா என்பார். நன்றி, படம் நிற்பதை வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்பார். கதிரேசன் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, மெர்சி பயிற்சி செய்யும் நேரங்களில் டிவித் திரையைப் படம் பிடித்துப் பிடித்து அனுப்பினார். முப்பத்தெட்டு வீடியோ.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு மேடையில் தசமப் புள்ளி இடம் மாறி, ஒரு சின்ன மோட்டார் ஊருக்கே தண்ணீர் இறைப்பதாகத் திரை சொன்னது. முதலாளி தனபால் கூப்பிட்டார். "ஏனுங் கதிரேசன், கண்ணெல்லாம் செவந்து கெடக்குதுங்களே. ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்கிப்போட்டு வாங்க."

கதிரேசன் லீவு போட்டார். தூங்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூலையில் இருந்த எண் அறுபதில் போய் நின்றது, அசையவே இல்லை. எழுத்து தண்ணீராக ஓடியது. யுவஸ்ரீ கைதட்டினாள். மெர்சியைச் சோபாவில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார்கள்.

மெர்சி பாடவில்லை. வாய் திறந்தது. கண் எழுத்தின் பின்னால் ஓடியது, பிடிப்பதற்குள் எழுத்து போய்விட்டது. அடுத்த வரி வந்தது, அதுவும் போய்விட்டது. மூன்றாவது வரியில் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

முதல் நாள் அப்படித்தான் என்று தேற்றிக்கொண்டார்கள். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. பாட்டோடு முன்பு வந்துகொண்டிருந்த நாலு சொல்லும் நின்றுபோயிற்று. ஒரு மாலை கதிரேசனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் என்ன புள்ள கொறச்சல்? அறுவது வருது! இதுக்கு மேல நான் எங்க போறது?" என்று கத்திவிட்டார். மெர்சி "அது... அது..." என்றபடி அழுதார். கதிரேசன் கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். வியாதிக்காரியிடம் கத்தியவன் என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ரம்ஷாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டாள், "முன்னாடி அக்கா பாடினத எப்பவாச்சும் ரெக்கார்ட் பண்ணியிருக்கீங்களாண்ணா?"

"அவ பாடினத இல்லீங்க. டிவி நிக்கறதத்தான் எடுத்து வெச்சிருக்கறனுங்க."

"குடுங்க, சத்தமாவது கேக்குதான்னு பாக்கலாம்."

முப்பத்தெட்டு வீடியோவில் ஒன்றைக்கூட அவர் காது கொடுத்துக் கேட்டதில்லை. பார்த்ததெல்லாம் மூலையில் இருந்த எண்ணைத்தான். இப்போது ரம்ஷா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பாட்டு போகிறது, எழுத்து நகர்கிறது, மெர்சியின் குரல் தடுமாறுகிறது. எழுத்து உறைந்து நிற்கிறது. அந்த இரண்டு விநாடியில், திரையில் ஒன்றுமே நகராத இடத்தில், மெர்சி இரண்டு சொல்லைப் பிசகாமல் பாடுகிறார். எழுத்து மறுபடி ஓடத் தொடங்கியதும் குரல் விழுந்துவிடுகிறது. ரம்ஷா அடுத்த வீடியோவைப் போட்டாள். அதிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"எழுத்து வந்தா அக்கா படிக்கப் பாக்கறாங்கண்ணா. படிக்கறது அவங்களுக்கு இன்னும் கஷ்டம். எழுத்து நிக்கறப்பதான் பாட்டு அதுபாட்டுக்கு உள்ள இருந்து வருது," என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "நான் பாட்டுப் போடச் சொன்னேன். எழுத்துப் போடச் சொல்லலீங்களேண்ணா," என்றாள்.

கதிரேசன் செல்போனை வாங்கிக்கொண்டு கிளம்பினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்தவர் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினார். அந்த ஓட்டை லேப்டாப் செய்துகொண்டிருந்த நல்ல காரியத்தை, ஐந்து மாதம் கண்விழித்து, தன் கையாலேயே ரிப்பேர் செய்து நிறுத்தியிருக்கிறார். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் இருக்க முடியுமா? வீட்டுக்கு வந்தால் தூரதேசத்துக்காரரின் கடிதம் காத்திருந்தது. திருத்தம் முழுவதும் ஏற்கப்பட்டுவிட்டதாம். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில், தூக்கிப்போட இருந்த கம்ப்யூட்டர்களில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கிறார்களாம். மிக்க நன்றியாம். கதிரேசன் அதை ஒருமுறை படித்தார். யாருக்காவது உதவட்டும் என்று நினைத்துக்கொண்டார், நினைப்பதற்கும் அலுப்பாக இருந்தது.

அன்றிலிருந்து டிவியை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் போட்டார்கள். முதல் வாரம் இரண்டு சொல், மூன்றாவது வாரம் ஒரு வரி, ஒன்றரை மாதத்தில் ஒரு சரணம் முழுக்க மெர்சி பாடினார். பாட்டு நின்றால் மட்டும் பழையபடி "அது... அது..." என்பார். தண்ணீர் வேண்டும் என்றாலும் கையைத்தான் காட்டினார்.

கதிரேசன் சும்மா இருப்பாரா? எழுத்தை ஒரேயடியாக எடுத்துவிட்டதும் தப்போ என்று ஒரு சந்தேகம் அவரை அரித்தது. நாலு சொல்லுக்கு ஒன்றை மட்டும் மறைக்கலாம், பிறகு இரண்டுக்கு ஒன்று, மெர்சியின் குரலைக் கேட்டு அதற்கேற்ப மென்பொருளே மறைக்கும்படியும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு பாயில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து ஆரம்பித்தார். நாலு வரி எழுதினார். ஐந்தாவது வரியில் கண் சொருகியது. உதறிக்கொண்டு எழுதினார், மறுபடி சொருகியது. மெர்சி சோபாவிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து வந்து, பாயில் மெல்ல உட்கார்ந்து, இடது கையால் லேப்டாப்பை மூடினார். கதிரேசன் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க," என்றார் மெர்சி.

பாட்டு எதுவும் ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மெர்சி அவரை அப்படித்தான் கூப்பிட்டு வந்தார். கூப்பிட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

"போதுங்க," என்றார். அடுத்த சொல்லுக்காக உதடு தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது. கதிரேசனுக்கு எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"படுங்க."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. அப்படியே பாயில் சாய்ந்து படுத்துக்கொண்டார்.