அண்ணாச்சி தூங்கிய மத்தியானம்

அறையில் இருந்தவர்கள்: என் மனைவி செல்வி. ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் ராணி. என் தங்கை பேச்சியம்மாள். பக்கத்து அறை மராத்திக்காரி சுனந்தா. கயிற்றில் போட்ட சேலைக்குப் பின்னால் நான்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அன்று காலை ராணிக்கு வளைகாப்பு. சாப்பிட்டு முடித்ததும், "எப்பா, அண்ணாச்சியக் கொண்டாங்க" என்றாள்.

அண்ணாச்சி என்பது அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட ஒற்றை சாக்ஸில் நான் செய்த கைப்பொம்மை. கண்ணுக்குச் சட்டைப் பொத்தான். நாக்குக்கு, நான் வேலை பார்த்த, பை தைக்கும் பட்டறையில் கிடந்த சிவப்புத் தோல் துண்டு. மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் நிற்கும். அப்போது ராணி சின்னப் பிள்ளை, வெளியே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் ஆட்டம். அண்ணாச்சிக்கு மளிகைக்கடை. சோப்பு டப்பா கல்லாப்பெட்டி. கரண்டிகள் சாமான் வாங்க வருவார்கள். பேசிக்கொண்டே மூன்று கொட்டாவி விடுவார். நாக்கு குழறும். தலை சாயும். ராணி ஓடிவந்து உலுக்குவாள். வாராவாரம் அதே கதை, அதே சிரிப்பு.

அன்று முதல் கொட்டாவிக்கே விரல் திறக்கவில்லை. கை தானாகச் சாய்ந்தது. பேச்சு குழறியது.

"அரே, சோ கயா!" தூங்கிவிட்டாராம். சுனந்தா கைதட்டினாள்.

"அண்ணன் இன்னைக்கு நல்லாத்தான் நடிக்காவ" என்றாள் தங்கை.

நான் விழுந்த பிறகும் சிரித்தார்கள். ராணி வழக்கம்போல உலுக்க வந்தாள். என் வாய் கோணியிருப்பதைப் பார்த்தாள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் விழுந்துவிடுவது). ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று. யாருக்கும் தெரியவில்லை.

"சிரிச்சிட்டு இருந்தோம் சார்" என்றாள் செல்வி.

அவர் எழுதிக்கொண்டார்.

படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விளையாட்டுக்காரர் என்றாலும் கொண்டுபோங்கள்.

கால் சீக்கிரம் வந்துவிட்டது. வலது கை வரவில்லை. பிசியோதெரபி (தசைக்குப் பயிற்சி) தந்த பெண் பந்தைப் பிடிக்கச் சொன்னாள். பிடிக்க முடியவில்லை. அண்ணாச்சியைக் கேட்டேன். செல்வி பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

"அந்தச் சனியன் வேண்டாம்."

"சனியன் அது இல்லட்டி. இந்தக் கை."

இடது கையால் வலது கையில் மாட்டிக்கொள்வேன். அண்ணாச்சியின் வாயைத் திறக்கப் பார்ப்பேன். எனக்கு இப்போது காலை என்பது விரல் இறுகியிருப்பது. சாயங்காலம் என்பது கொஞ்சம் இளகுவது. இடையில் மணி பார்ப்பதில்லை. கை என்னுடையதுதான். ஆனாலும் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பேத்தி பிறந்து மூன்றாம் மாதம், அதே நால்வரும் உட்கார்ந்தார்கள். பிள்ளை ராணியின் மடியில். மறைப்புக்கு நான் சேலையைக் கேட்டேன்.

"சேலை கெட்ட வேண்டாம். மூஞ்சி தெரியணும்" என்றாள் செல்வி.

மறைப்பு இல்லாமலே ஆடினேன். அண்ணாச்சி வாய் திறந்தார். விரல் அசந்தது. தலை சாய்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அவருதான் தூங்குதாரு. நான் முழிச்சித்தான் இருக்கேன்" என்றேன்.

செல்வி முதலில் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். ராணி குனிந்து அண்ணாச்சியை உலுக்கினாள்.

அன்று கொட்டாவி இரண்டு. மூன்றாவது பாக்கி.