ஆழமாகத் தோண்டிய குழி

போன செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு குழிக்குள் ஊற்றக் கொடுத்துவிட்டு வந்தேன். சமையலுக்கு ஆகிற நல்ல உப்பு! எனக்கென்ன பைத்தியமா என்கிறீர்களா? கேளுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். சுகாதார இன்ஸ்பெக்டராக இருக்கும் என் சிநேகிதர், “வாருமய்யா, உம்ம பத்திரிகைப் பத்திக்கு விஷயம் கிடைக்கும்” என்று கூப்பிட்டார். ஃபெர்ரி ஏறிப் போனேன். விஷயம் கிடைத்தது — கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

களையாக மண்டும் லாலாங் புல்லைக் கொல்ல அங்கே பாஷாணக் கரைசல் தெளிக்கிறார்கள். மிஞ்சியதையும் டின் கழுவிய தண்ணீரையும் கொட்டுவது, ஆட்களை மேற்பார்க்கும் வேலாயுதம் கங்காணியின் பொறுப்பு. கொட்டகைக்குப் பின்னால் புல்லிலேயே ஊற்றச் சொல்லியிருக்கிறார் தோட்டத்து மானேஜர் துரை. கங்காணிக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் ஓடியாடுகிற இடம், ஆடு மேய்கிற இடம்... ஆகவே கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மேட்டில், செத்த மாட்டைப் புதைப்பதற்கு வெட்டுவதுபோல் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டினார். அதில் ஊற்றிப் பலகை போட்டு மூடினார். தோட்டமே மெச்சியது.

மழை பிடித்தது. லயத்தில் ஒவ்வொருவராக வாந்தி, வயிற்றுப்போக்கு. முதலில் போனது கங்காணியின் ஆறு வயது மகள் பவுனு.

லயத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்ததில் பாஷாணம் இருந்தது. இன்ஸ்பெக்டர் கிணற்றைப் பூட்டிவிட்டார். எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

“எவனோ கிணத்தடியில டின்னைக் கழுவியிருக்கான் சார். ஒரு தடவை எறைச்சு விட்டுட்டுத் தொறந்துடுங்க. பொம்பளைங்க ஒரு மைல் நடந்து ஆத்துல தண்ணி தூக்குறாங்க” என்றார் கங்காணி. துரைக்கும் அதுதான் சௌகரியம்.

“உம்ம குழியிலிருந்து வந்திருந்தால்? இறைக்க இறைக்க வருமே? குழியில் உப்புத் தண்ணீரை ஊற்றி, கிணற்றில் உப்பு வருகிறதா என்று பார்ப்போம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நடுவுல அறுவது அடி மண்ணு இருக்கு சார்! மண்ணு வடிகட்டாததா? உப்புத்தானே, நானே ஊத்துறேன் லா!”

இன்ஸ்பெக்டரிடம் ஒரு சீசா மருந்து இருந்தது. உப்புத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் வெள்ளையாகத் திரியும். முதலில் கிணற்று நீரில் விட்டுப் பார்த்தார் — லேசான மங்கல், அவ்வளவுதான். பிறகு உப்பைக் கரைத்தோம். கலக்கியது நான். ஊற்றியது கங்காணி. சாயங்காலம் நல்ல மழை.

வியாழக்கிழமை மறுபடி போனோம். கிணற்று நீரில் நாலு சொட்டு... கண்ணாடிக் குவளை பாலாய் வெளுத்துப்போயிற்று.

இன்ஸ்பெக்டர் விளக்கினார். தண்ணீர் மண்ணுக்குள் சீராக, வரிசையாக இறங்குவதில்லையாம். சந்து கண்ட பக்கம் ஓடுமாம். அந்த மேட்டில் முன்பு வெட்டிய மரங்களின் வேர்கள் உள்ளே மக்கி, குழாய் குழாயாக வழி விட்டிருக்கின்றன. மேல் மண் பாஷாணத்தைக் கொஞ்சமாவது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இவர் அதைத் தாண்டி ஆழமாகத் தோண்டி, நேரே அந்த வழிகளில் ஊற்றியிருக்கிறார்.

அதாவது — அக்கறையில்லாத ஒருவன் புல்லில் கொட்டியிருந்தால், பவுனு இன்று இருந்திருக்கக்கூடும். இதை அந்த மனிதர் முகத்தைப் பார்த்து யார் சொல்வது? எனக்கு உப்பைக் கலக்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கங்காணியின் மனைவி செல்லம்மா குடத்தோடு வந்து நின்றாள்.

“என்னங்கய்யா தெரிஞ்சுச்சு?” என்று என்னைக் கேட்டாள்.

பத்திரிகைக்காரன் நான், ஊரில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன். “இன்னும் நிச்சயமாகத் தெரியலம்மா” என்றேன்.

“தெரிஞ்சுபோச்சு புள்ள” என்றார் கங்காணி. “நான் தோண்டுன குழிதான்.”

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். அவர் பின்னாலேயே நாலடி போய் நின்றுவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் என்று தோன்றியது.

தோட்டத்தில் புதுக் கிணறு வெட்டப்போகிறார்கள். அந்த வேலையை வேலாயுதம் கங்காணியிடமே கொடுத்திருக்கிறார் துரை — அவரைப்போல் ஆழமாக, அக்கறையாகத் தோண்டுகிற ஆள் வேறு யாரும் இல்லையாம்!