வெதர்பியின் வயிறு

முதியோர் இல்லச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மவுண்ட் ஆல்பர்ட்டில் தனியே இருக்கும் ஆனந்தவல்லிக்கு வாய்த்த துணை தாமஸ் வெதர்பி. மனிதர் செத்து நூறு வருஷத்துக்கு மேல். பாசிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. அவர் இங்கிருந்து இங்கிலாந்துத் தங்கைக்கு எழுதித் தள்ளிய கடிதங்களை ஒரு நூலகம் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தது. ஆர்வமுள்ளவர்கள் வீட்டிலிருந்தே அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுக்கலாம். சம்பளம் கிடையாது. ஆனாலும் தேத்தண்ணீரோடு கணினி முன் உட்கார்ந்தால் அவளுக்கு எழும்ப மனம் வராது.

விஞ்ஞானியின் கடிதமென்றால் பக்கத்துக்குப் பக்கம் விஞ்ஞானம் இருக்குமென்று நினைத்திருந்தாள். எங்கே! ஒரு வரி பாசி, நாலு வரி காலுறை. நனைந்த சப்பாத்து, பக்கத்து வீட்டுச் சேவல், யாரோ அனுப்பிய பூஞ்சணம் பிடித்த ஜாம். அதெல்லாம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கடிதம் முடியுமிடத்தில் மனிதர் தவறாமல் தன் வயிற்றுக்கு வந்துவிடுவார். பொருமல், புளியேப்பம், காலையில் போகவில்லை, போனதும் போதவில்லை.

“சீ, படிச்ச மனிசன் எழுதிற கதையே இது!” என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்த வரிகளையெல்லாம் விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தாள்.

அது அவளுடைய பழக்கம். ஞாயிறுதோறும் மகன் பிரதாபன் வெலிங்டனிலிருந்து போன் எடுத்து, “எப்பிடியம்மா இருக்கிறீங்கள்?” என்பான். முழங்கால் வலியில் வாசற்படியைப் பக்கவாட்டாக இறங்குகிறவள், “நல்ல சுகம்” என்பாள். தூரத்திலிருக்கும் பிள்ளையின் மனத்தைக் குழப்பலாமா? அதே மரியாதையை வெதர்பிக்கும் செய்தாள்.

ஒருநாள் நூலகத்திலிருந்து ஹெலன் அழைத்தாள். “ஒரு விசித்திரம், ஆனந்தவல்லி. மற்றவர்கள் தட்டச்சு செய்த கடிதங்களிலெல்லாம் வெதர்பிக்கு வயிற்றுவலி. உங்கள் கடிதங்களில் மட்டும் மனிதர் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். எந்த மருந்து அவரைக் குணமாக்கியதென்று ஓர் ஆராய்ச்சியாளர் தேடிக்கொண்டிருக்கிறார்.”

ஆனந்தவல்லிக்கு முகம் சுட்டது. “அந்த மருந்து நான்தான்,” என்று ஒப்புக்கொண்டாள்.

ஹெலன் இருமல் வருமளவுக்குச் சிரித்தாள். பிறகு கண்டிப்பாகவே சொன்னாள்: விட்ட வரிகளையெல்லாம் திரும்பச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இனிக் கடிதம் தர முடியாது.

வெதர்பி இல்லாத காலையை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. பழைய கடிதங்களைத் திறந்து, அருவருத்துத் தாண்டிய வரிகளை முதன்முறையாக நிதானமாகப் படித்தாள். ஒன்றில் பொருமலுக்குக் கீழே இப்படி இருந்தது: ‘நீ கேட்கிறாய், அதனால் எழுதுகிறேன். இங்கே என்னிடம் பாசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.’

அண்ணனும் தங்கையும் கதைத்துக்கொண்டிருந்ததன் நடுவில் போய்க் கத்தரிக்கோலை வைத்துவிட்டேனே என்று தன்மேலேயே கோபம் வந்தது. பொருமலையும் ஏப்பத்தையும் ஒரு சொல் குறையாமல் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

“எப்பிடியம்மா இருக்கிறீங்கள்?”

“முழங்கால் நோகுது, ராசா. படியிறங்க ஏலாது. பல்லொண்டு ஆடுது. புளிச்சாதம் திண்டால் நெஞ்செரியுது.”

“இவ்வளவு நாளும் நான் கேக்கேக்கை ஏனம்மா சொல்லேல்லை?”

“சொன்னனான்தான், மனசுக்கை. உனக்கு அனுப்பேக்கை வெட்டிப்போட்டன்,” என்றாள் ஆனந்தவல்லி. “இருக்கிறியோ? இன்னும் முடியேல்லை.”

“இருக்கிறன் அம்மா. சொல்லுங்கோ.”