வான்கார யூஜீனியாவும் பைலட்மாரும்

மாம்புரிக்கு வந்து யூஜீனியாவின் வீடு எது என்று கேட்டால், "எந்த யூஜீனியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வான் வண்டி ஓட்டுகிற யூஜீனியா என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். கற்பிட்டிக் கரைக்கு வரும் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்க எத்தனையோ வான்கள் ஓடுகின்றன. ஒரு பெண் ஓட்டுகிற வானை நான் பார்த்தது அவளுடையது மட்டும்தான்.

அவள் வாகனம் பழகியது துபாயில். ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிற வேலை. மகள் மெரினாவை மூன்று வயதில் விட்டுவிட்டுப் போனவள், மகளுக்குப் பதினொரு வயதானபோது திரும்பி வந்தாள். வந்த கையோடு ஒரு பழைய வானை வாங்கினாள். அவளுடைய கணவர் சாள்ஸுக்குக் கடல் தொழில். காற்று எப்படி அடித்தாலும் வள்ளத்தில் நிமிர்ந்து நிற்கும் மனிதர், மனைவியின் வானில் ஏறினால் மட்டும் கடைசி சீட்டில் போய் இருந்துகொண்டு சிலுவை போடுவார்.

பைலட்மாரின் சகவாசம் தொடங்கியது பதுர்தீன் நானாவால். கண்டல்குளியில் பெரிய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகை ஓடி விளையாட வருகிறவர்களுக்கு கபானா என்கிற ஓலைக் குடில்கள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவர் அவர். ஒரு நாள் காலையில் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கட்டுநாயக்க ஏர்போட்டில ரெண்டு பேர் நிக்கிறாங்க. கூட்டிட்டு வரணும். பைலட் மாரு."

"எந்த பிளேன் நானா?"

"நம்மட மாதிரி ஆக்கள் டிக்கட் எடுத்துப் போற பிளேன் இல்ல. ஒரு பெரிய பணக்காரருட சொந்த பிளேன். அவர் குடும்பத்தோட மலைநாட்டுக்குப் போயிட்டாரு. அவர் திரும்பி வரும் வரைக்கும் இவங்க சும்மா இருக்கணும். அதான் காத்துக்கு இங்க வாராங்க."

யூஜீனியா அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாள். வெள்ளைத் தொப்பி, தோளில் பொன் கோடு, பளபளக்கும் சப்பாத்து என்று தேடிக்கொண்டு நின்றாள். முன்னால் வந்து நின்றது ரப்பர் செருப்பும் அரைக்காற்சட்டையும் போட்ட ஒரு நரைத்த தாடிக்காரரும், முதுகில் பெரிய பையோடு ஒரு இளம் பெண்ணும். அவர்களை விலக்கிக்கொண்டு பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"நாங்கதான்," என்றார் தாடிக்காரர், அவள் கையில் இருந்த பெயர்ப் பலகையைக் காட்டி.

அவர் பெயர் டுவார்த்தே, கப்டன். அந்தப் பெண் இனேஸ், துணை விமானி. இருவரும் போர்த்துக்கல்காரர். கப்டன் முன் சீட்டில் ஏறினார். யூஜீனியாவின் இங்கிலீஷ் துபாயில் பழகிய இங்கிலீஷ். இலக்கணம் பார்க்காது, ஆனால் எங்கேயும் தடக்காது.

"எத்தனை பேர் ஏறலாம் உங்கட பிளேன்ல?"

"பன்னிரண்டு பேர். ஆனா நாலு பேருக்கு மேல வாறது குறைவு. ஒரு தடவை ஒரு நாய் மட்டும் வந்தது."

"நாய் மட்டுமா?"

"நாய் மட்டும்தான். அதுக்குக் கோழி இறைச்சி. எங்களுக்கு ஆறிப்போன பாண்."

யூஜீனியா சிரித்த சிரிப்பில் வான் ஒரு பக்கம் போய்வந்தது. கொஞ்சத் தூரம் போனபின் அவள் கேட்டாள், இவ்வளவு பெரிய வேலை செய்கிறீர்களே, அந்த வேலை எப்படி இருக்கும் என்று.

"உங்கட வேலைதான்," என்றார் கப்டன். "ஏத்துறது, இறக்குறது, மிச்ச நேரம் காத்துக்கொண்டிருக்கிறது."

இந்த வார்த்தையை அவள் பிறகு மாம்புரியில் சொல்லாத வீடில்லை.

மாதம்பையில் ஒரு பேக்கரியில் நிறுத்தி, "பாண் வாங்கிக்கொண்டு வாறன்," என்று தமிழில் யாருக்கோ போனில் சொன்னாள். கப்டன் திரும்பிப் பார்த்தார். பாணா? எங்கள் நாட்டிலும் அது பாண்தானே என்றார். பிறகு கேட்க வேண்டுமா. மேசை, ஜன்னல், கதிரை, சாவி, துவாய் என்று இரண்டு மொழியிலும் இருக்கிற சொற்களை இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாலாவிச் சந்தியில் திரும்பும்போது அலுமாரி அகப்பட்டது. கப்டன் கையைத் தட்டினார்.

அடுத்த வருடக் காற்றுக் காலத்தில் அந்தப் பணக்காரர் மறுபடி இலங்கைக்கு வந்தார். பைலட்மார் பதுர்தீன் நானாவிடம் கேட்டது ஒன்றுதான்: "வான் அந்த அம்மாட வானா?"

இந்த முறை மெரினாவும் கூட வந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். தாயோடு கட்டுநாயக்கவுக்குப் போனவள் திரும்பி வரும் வழி முழுக்க இனேஸை விடவில்லை. இனேஸும் சலிக்காமல் பதில் சொன்னாள். இருபத்தாறு வயது வரை மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்தவளாம். ஒரு நாள் சிநேகிதி ஒருத்தி சின்ன விமானம் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனாள். இறங்கியபோது மருந்துக்கடை மனதை விட்டுப் போய்விட்டது.

"பெரிய கம்பனி பிளேன் ஓட்டினா ஒரே வழியில போய் வரலாம்," என்றாள் இனேஸ். "எங்களுக்கு அப்பிடி இல்லை. இண்டைக்குப் பனி கொட்டுற இடம், நாளைக்குப் பாலைவனம். போன் அடிச்சா எழும்பிப் போக வேணும். எண்ணெய் அடிக்கிறதையும் நாங்கதான் பார்க்கிறது, பெட்டி ஏத்துறதும் நாங்கதான், மேசைக்குப் பூ வைக்கிறதும் நாங்கதான். எனக்கு அது பிடிக்கும்."

போனில் ஒரு படம் காட்டினாள். விமானத்தின் முன் கண்ணாடிக்கு அப்பால் மலைகளின் உச்சியில் விடியல். மெரினா அந்தப் போனை நெடுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது, "நான் பைலட்டாகப் போறன்," என்றாள்.

சாள்ஸ் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல வள்ளத்தில ஏறினா தலை சுத்திச் சத்தி எடுக்காம இரு மகள்," என்றார். யூஜீனியாவுக்கு மட்டும் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். தன் மகளைவிட அவளுக்கே ஆசை கூடுதல் என்பது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

மூன்றாம் வருடம் ஆவணியில் பைலட்மார் வந்தபோதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. அவர்களை யூஜீனியா தன் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். கணவாய்க் கறியும் நண்டுக் குழம்பும். இனேஸுக்கு நம் பக்கத்தில் அக்னஸ் என்று பெயர் என்று யாரோ சொல்லி, அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளை அக்னஸ் மிஸ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கப்டன் கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது.

எழும்பி முற்றத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தார், கை வைக்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். தங்கை அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள், வர முடிந்தால் வா என்று.

பிரச்சினை என்னவென்றால், பணக்காரர் குடும்பம் மறுநாள் காலை மாலைதீவுக்குப் புறப்பட இருந்தது. கப்டன் போய்விட்டால் விமானம் எழும்பாது. வேறொரு கப்டன் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர ஒரு நாளுக்கு மேலாகும். கம்பனிக்குப் பேசினார். இந்த ஒரு பயணத்தை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் தன்மையாகத்தான் கேட்டார்களாம்.

"ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான்," என்றார் கப்டன். "ஓட்டிட்டுப் போறன்."

"நீங்க இப்ப ஓட்டுற நிலைமையில இல்லை," என்றாள் இனேஸ். "ஏலாது எண்டு சொல்லலாம். சொல்லுறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"சொன்னா அடுத்த வருசம் என்னை வச்சிருப்பாங்களா?"

சாள்ஸுக்கு இங்கிலீஷ் விளங்காவிட்டாலும் முகங்கள் விளங்கின. மெதுவாக எழும்பிப் போய் கப்டனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

யூஜீனியா கையைக் கழுவிவிட்டு வந்து கப்டனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"கப்டன், எங்கட அப்பா செத்துப்போன செய்தி எனக்கு வந்தது துபாயில. விடியக் காலமை. நான் வேலை செய்த வீட்டு மேடம் நல்ல மனிசிதான். பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில விட்டுட்டு வா, பிறகு டிக்கட்டைப் பார்ப்பம் எண்டா. நானும் ஓம் எண்டு சொல்லிட்டுப் போனன். மூண்டு பிள்ளையள் பின்னால. அந்த வழி எனக்கு இண்டு வரைக்கும் ஞாபகம் இல்லை. எங்க திரும்பினன், எந்தச் சிக்னல்ல நிண்டன், ஒண்டும் தெரியாது. பள்ளிக்கூட வாசல்ல பிள்ளையள் இறங்கினாப் பிறகுதான் எனக்குக் கண் தெரிஞ்சது. ஒண்டும் நடக்கேல்ல. நடக்காம விட்டது என்ட கெட்டித்தனம் இல்லை."

மெரினா கதவோரம் நின்றிருந்தாள். இந்தக் கதையை அவளும் அன்றுதான் முதல் முதல் கேட்டாள்.

கப்டன் சாள்ஸ் வைத்த கோப்பைத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு போனை எடுத்து கம்பனிக்கு ஒரே வசனத்தில் சொன்னார், தான் நாளைக்கு ஓட்டும் நிலையில் இல்லை என்று. போனை வைத்தபின்தான் அழுதார்.

அடுத்த நிமிடம் எல்லாரும் வானுக்குள் ஏறினார்கள். இரவு விமானத்தில் அவருக்கு இடம் பிடிக்க வேண்டும். புதிய கப்டனுக்கு அறை, வாகனம், உள்ளே வர அனுமதி. நிற்கிற விமானத்துக்கு இன்னொரு நாள் இடம். கட்டுநாயக்கவில் இதையெல்லாம் பார்க்கிற அலுவலகத்தோடு இனேஸ் பேசப் பேச, மறுமுனையில் இருந்தவர் சிங்களத்தில் இன்னொருவரைக் கேட்பதும் திரும்புவதுமாக நேரம் போனது. "என்னட்டத் தாங்க," என்று மெரினா போனை வாங்கினாள். சிலாபத்தில் படித்தவள், சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வெளியே முன்னேஸ்வரத் திருவிழா நெரிசல். சிலாபத்துக்கு இந்தப் பக்கமே வாகனங்கள் நின்றன. யூஜீனியா தோப்புகளுக்குள்ளால் ஓடும் உள் வீதி ஒன்றில் இறக்கி, வளைத்து வளைத்து மாதம்பைக்கு அப்பால் பெரிய வீதியில் ஏறினாள். பின்னால் மெரினா ஒரு போனைக் காதிலும் மற்றதை மடியிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அங்கிருந்த அதிகாரி, "மிஸ், நீங்க எந்தக் கம்பனி?" என்று கேட்டாராம்.

"கம்பனி இல்லை சேர். வானுக்குள்ள இருந்து கதைக்கிறன்."

கப்டன் அன்றிரவே போனார். தாய் அவரை அடையாளம் கண்டு, தாடியை வெட்டச் சொல்லித் திட்டினாராம். அதற்குப் பிறகு அந்தத் தாய் ஒரு கிழமைதான் உயிரோடு இருந்தார். பணக்காரர் ஒரு நாள் பிந்திப் புறப்பட்டதற்குக் கொஞ்சம் முகம் சுளித்தார். அவருடைய மனைவி கப்டனுக்கு ஆறுதல் சொல்லிச் செய்தி அனுப்பினார். அடுத்த வருடம் கம்பனி டுவார்த்தேயின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை. அவர் இப்போது தன் நாட்டுத் தீவுகளில் நோயாளிகளை ஏற்றிப் பறக்கும் சின்ன விமானம் ஒன்றை ஓட்டுகிறார். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, யூஜீனியாவுக்குக் குரல் செய்தி வரும். தொடக்கத்தில் எப்போதும் புதிதாக ஒரு சொல். போன வருடம் "கோப்பை".

அந்தச் சம்பவம் முடிந்து சில நாளில் மெரினா சொன்னாள், "அம்மா, எனக்கு பிளேன் ஓட்ட வேணாம்."

"பயந்துட்டியா? அவருக்கு நடந்ததைப் பார்த்தா?"

"பயமில்லை. அண்டைக்கு அவரை வீட்ட அனுப்பினமே, அந்த வேலை. அதுதான் எனக்குப் பிடிச்சது. அதைப் படிக்க ஏலும், நான் கேட்டுப் பார்த்துட்டன்."

யூஜீனியாவுக்கு மனம் விட்டுப் போயிற்று. கோயில் வாசலில் இனி எந்த முகத்தோடு நிற்பது? பைலட்டின் அம்மா என்று தன்னை எத்தனை தரம் மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்திருந்தாள். சாள்ஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, "அவ்வளவு ஆசை எண்டா நீங்க போய்ப் படிங்களன்," என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் வெகுநேரம் சமையலறையில் நின்றாள். ஆசை யாருடையது என்று அவளுக்கே அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். வெளியே வந்தபோது, "எங்க அந்தப் படிப்பு? கொழும்பிலயா? நான் கொண்டுபோய் விடுறன்," என்றாள்.

மெரினா படித்து முடித்து, அன்று போனில் பேசிய அதே அலுவலகத்தில் இப்போது வேலை செய்கிறாள். வருகிற தனியார் விமானங்களுக்கு எண்ணெயிலிருந்து அனுமதி வரை பார்க்கிறாள். பைலட்மாரைக் கற்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் தாய்க்குப் போன் எடுத்து, பக்கத்தில் ஆட்கள் இருப்பதால் சிங்களத்தில் மரியாதையாக, எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்வாள். யூஜீனியாவும் அதே மரியாதையோடு "ஹரி மிஸ்", சரி மிஸ், என்பாள். போனை வைத்துவிட்டு வீடு அதிரச் சிரிப்பாள்.

இந்த வருடம் இனேஸ் வந்தாள், கப்டனாக. மெரினா முறைப்படி அனுமதி எடுத்து, தாயை விமானம் நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இனேஸ் யூஜீனியாவை முன்னால் கப்டனுக்குரிய இடப்பக்க ஆசனத்தில் இருத்தினாள். யூஜீனியா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் தொடாமல், கண்ணாடிக்கு அப்பால் நீண்டு கிடந்த ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

இறங்கி வந்ததும் மெரினா கேட்டாள், "எப்பிடி அம்மா?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் யூஜீனியா. "முதுகுக்குத்தான் ஒரு சின்னத் தலகணி வேணும்."

இனேஸுக்கு அதை இங்கிலீஷில் சொன்னபோது, தானும் கம்பனியிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மூவரும் வெளியே நிறுத்தியிருந்த வானை நோக்கி நடந்தார்கள். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கண்டல்குளியில் பதுர்தீன் நானா சோறாக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.